கிற்றாரின் சுருதிப் பிழையும் அதன் திருத்தமும்



கிற்றார் பழகும் பிள்ளையொன்று ஆறு தந்திகளையும் ஒழுங்காகச் சுருதி கூட்டிவிட்டு, தலைப்பக்கத்து மெட்டுகளிலே விரல்களை ஊன்றி, பல சுரங்களை ஒருங்கே எழுப்பும் சுரக்கூட்டு ஒன்றை மீட்டுகின்றது. அது செவிக்கு இனிக்கவில்லை. பிள்ளை பிரடைகளைத் திரும்பவும் திருகுகின்றது. இப்பொழுது அந்தச் சுரக்கூட்டு இனிக்கின்றது. ஆனால் அடுத்த சுரக்கூட்டு கசக்கின்றது. அதனைத் திருத்தினால் முன்னையது கெடுகின்றது. அருகிலிருப்போர், “உனக்குச் சுருதி ஞானம் இல்லை” என்று ஒரு சொல்லிலே தீர்ப்புக் கூறிவிடுவர். அந்தச் சொல்லைக் கேட்ட பிள்ளைகள் பலர் கருவியைச் சுவரிலே மாட்டிவிட்டுப் போய்விடுகின்றனர்.

உண்மையில் அங்கே பிழைத்திருப்பது பல வேளைகளிலும் பிள்ளையின் செவியன்று, கருவியின் அளவு. பிழையை உணர்ந்து திரும்பத் திரும்பத் திருத்த முயன்ற செவி நல்ல செவி என்றே கொள்ளல் வேண்டும். அப்பிழை எங்கிருந்து வருகின்றது, அதனைத் தீர்க்கும் வழி யாது என்பவற்றையே இன்று உங்களுடன் பேச விரும்புகின்றேன். நான் கலைத்துறையிற் பட்டம் பெற்றவன்; இதிலுள்ள விஞ்ஞானத்தைப் பாடசாலை ஆய்வுகூடத்துச் சுரமானிப் பெட்டியின் அருகிலே நின்று கேட்டறிந்தேன். ஆதலால் சூத்திரங்களைக் குறைத்துப் பொருளையே கூறுவேன்.

முதலிலே உறுப்புகளின் பெயர்களை வரையறுத்துக் கொள்வோம். கழுத்துப் பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள் மெட்டுகள். தந்தி தலைப்பக்கத்திலே ஊன்றி நிற்கும் எலும்புக்கட்டையை வீணை வழக்கைப் பின்பற்றி மேரு என்போம். வயிற்றுப் பலகையின் மேல் ஒட்டிய கட்டை குதிரை; அதன்மேற் செருகி நிற்கும் மெல்லிய சட்டம் குதிரை எலும்பு. மேருவுக்கும் குதிரை எலும்புக்கும் இடைப்பட்ட நீளமே அதிர்கின்றது.

நம்முடைய பழைய யாழிலே இந்தச் சிக்கல் எழவில்லை. யாழிலே நரம்பு ஒவ்வொன்றும் தனித்தனிச் சுரத்துக்கு உரியது. விரல் அதனைத் தெறிக்குமேயன்றிப் பலகையோடு அழுத்துவதில்லை. காரைதீவிலே 1892ஆம் ஆண்டு பிறந்து, இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்று, பிற்காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக விளங்கிய சுவாமி விபுலாநந்தர், மறைந்துபோன அந்த யாழின் இயல்பையும் சுரங்களின் அளவையும் கணிதங்கொண்டு ஆராய்ந்து, 1947இல் ‘யாழ் நூல்’ என்னும் பெருநூலை வெளியிட்டார். சுரம் என்பது அளவுக்கு உட்பட்டது, அளவு பிழைத்தால் இனிமை பிழைக்கும் என்பதை அந்நூலின் பக்கந்தோறும் காணலாம்.

ஒரே தந்தியை இடையிடையே அழுத்திப் பல சுரம் பெறும் கருவிகள் வந்தபோதுதான் மெட்டு வைக்கும் இடம் எது என்ற கேள்வி பிறந்தது. 950ஆம் ஆண்டளவில் மறைந்த பேரறிஞர் அல்-பாராபி தமது இசைப் பெருநூலிலே ‘ஊத்’ என்னும் அரபு வாத்தியத்துக்கு மெட்டுகளின் அளவைக் கணித்து எழுதினார். இன்றைய ஊத் வாத்தியத்துக்கோ மெட்டே கிடையாது. விரல் நின்ற இடமே சுரம். தஞ்சையிலே இரகுநாத நாயக்கர் காலத்தில், அதாவது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், 24 மெட்டுகள் நிலையாக அமைந்த வீணை உருவாயிற்று என்பது மரபு. அந்த மெட்டுகள் எப்படி நிலைபெற்றன என்பதைக் கவனியுங்கள். தேன்மெழுகுடன் கரியைச் சேர்த்துக் குழைத்த மெழுகுத் தடத்தின்மேல் மெட்டை வைத்து, தந்தியை அழுத்தி மீட்டிப் பார்த்து, சுரம் சரியாக ஒலிக்கும் இடத்திலேதான் மெட்டைப் படியவைப்பர். அளவுகோலுக்கு அங்கே இரண்டாம் இடம், செவிக்கே முதலிடம். தந்தியை அழுத்துவதனால் உண்டாகும் வேறுபாடு முழுவதும் அந்தச் செவித் தீர்ப்பிலேயே அடங்கிவிடுகின்றது. மெழுகு இளகிச் சுரம் பிசகினால் மறுபடியும் மெட்டு வைக்கலாம்.

கிற்றாருக்கு இந்தச் சலுகை இல்லை. அதன் மெட்டுகள் மரத்திலே அறுத்த பள்ளங்களில் அடித்து இறுக்கப்பட்டவை. கணக்கின்படி ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். அக்கணக்கு எளியது. மேருவிலிருந்து குதிரைவரை உள்ள நீளத்தை 17.817 ஆல் வகுத்தால் முதல் மெட்டின் தூரம் கிடைக்கும். எஞ்சிய நீளத்தை மீண்டும் அதே எண்ணால் வகுத்தால் இரண்டாவது மெட்டுக்கு உரிய தூரம். இவ்வாறு சென்றால் 12ஆவது மெட்டு நேர் நடுவிலே வந்து நிற்கும்; அங்கே சுரம் ஒரு தாயி உயரும். 650 மில்லிமீற்றர் நீளமுள்ள கிற்றாரிலே முதல் மெட்டு 36.5 மில்லிமீற்றரிலும், ஏழாவது 216.2 மில்லிமீற்றரிலும், பன்னிரண்டாவது 325 மில்லிமீற்றரிலும் அமையும்.

இந்த எண்ணுக்கு முன்னர் ஐரோப்பிய வினைஞர் 18 என்னும் முழுவெண்ணைப் பயன்படுத்தினர். விஞ்ஞானி கலிலியோவின் தந்தையாகிய வின்சென்சோ கலிலி 1581இல் எழுதிய நூலிலே 18க்கு 17 என்னும் விகிதத்தைக் கூறியிருக்கின்றார். அவ்விதியைப் பின்பற்றினால் 12ஆவது மெட்டு நடுப்புள்ளிக்கு ஏறக்குறைய 2.4 மில்லிமீற்றர் முன்னதாகவே, மேருவின் பக்கமாக நின்றுவிடும். கணக்கின்படி அது பிழை. ஆனால் தந்தியை அழுத்தும்போது சுரம் சற்று ஏறுவதால், அந்தப் பிழை இந்தப் பிழையை ஓரளவு ஈடு செய்தது! எண் திருந்தியபோது ஈடும் போய்விட்டது. பழைய தச்சரின் தோராயத்திலே ஒரு நன்மை ஒளிந்திருந்தது எனக்கு வியப்பாகவே இருக்கின்றது.

அழுத்தினாற் சுரம் ஏன் ஏறுகின்றது? சுரமானிப் பெட்டியைக் கண்டோர் அறிவர்: கம்பியின் முனையிலே படியைக் கூட்டித் தொங்கவிட்டால் இழுவை மிகுந்து ஒலி உயரும். இழுவை நான்கு மடங்கானால் மீடிறன் இருமடங்காகும். மெர்சேன் என்னும் பிரெஞ்சுத் துறவி 1636இல் வெளியிட்ட விதிகளுள் இது ஒன்று. கிற்றார்த் தந்தி மெட்டுக்கு மேலே சிறிது உயரத்தில் நிற்கின்றது. விரலால் அதனை மெட்டுவரை தாழ்த்தும்போது நேர்கோடாகக் கிடந்த தந்தி வளைகின்றது, வளைந்தால் நீள்கின்றது, நீண்டால் இழுவை கூடுகின்றது. உருக்குத் தந்தி மயிரிழையளவு நீண்டாலும் இழுவை வெகுவாக மாறும். இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் தந்தியின் விறைப்பு. கணக்கிலே தந்தி பருமனற்ற நூல். மெய்யான தந்தியோ, குறிப்பாகத் தடித்தது, ஊன்றிய இடத்திலே உடனே மடங்காது; ஊன்றுபுள்ளிக்கு அருகிலே ஒரு சிறு பகுதி அதிராமல் விறைத்து நிற்கும். ஆதலால் மெய்யாக அதிரும் நீளம் கோலளவிற் சற்றுக் குறைவு. அழுத்திய நீளம் குறுகக் குறுக அக்குறைவின் பங்கு பெரிதாகும். இவ்விரு காரணங்களும் ஒரே திசையிலே சுரத்தை மேலே தள்ளுகின்றன.

எவ்வளவு மேலே என்பதை அளக்க ஓர் அலகு வேண்டும். அலெக்சாண்டர் எல்லிஸ் என்னும் ஆங்கில அறிஞர் 1880களிலே ஓர் அரைச்சுரத்தை நூறு கூறாக்கினார். நம் ரூபாய்க்கு நூறு சதம் போல, அரைச்சுரத்துக்கும் நூறு சதம் என்று வைத்துக் கொள்வோம். ஒரு தாயிக்கு 1200 சதம். ஐந்தாறு சதப் பிழையைப் பழகிய செவி உணரும். பத்துச் சதத்தைப் பலரும் உணர்வர்.

இப்பிழைக்கு மருந்து இரண்டு இடங்களில் உண்டு. மெட்டை அசைக்க முடியாதாகையால், தந்தியின் இரு முனைகளையே அசைத்தல் வேண்டும்.

முதலாவது, குதிரை எலும்பைப் பின்னே தள்ளுவது. 650 மில்லிமீற்றர்த் தந்தியின் குதிரைப்பக்க முனையை 2 மில்லிமீற்றர் பின்னே தள்ளி, திறந்த தந்தியை மறுபடியும் சுருதி கூட்டினோம் என்க. 12ஆவது மெட்டிலே அழுத்திய சுரம் முன்னையிலும் 5 சதத்துக்குச் சற்று அதிகமாகத் தாழும். காரணம், முழு நீளத்துக்கு இந்த 2 மில்லிமீற்றர் சிறு பங்கு. பாதி நீளத்துக்கோ அதன் இருமடங்கு. இவ்வாறு மேல்மெட்டுகளிலே ஏறிய சுரம் இறங்கி நிலைக்கு வருகின்றது. நல்ல கிற்றார்களிலே குதிரை எலும்பு சரிந்து, தடித்த தந்தியின் பக்கம் கூடுதலாகப் பின்வாங்கி நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அது அழகுக்காக வைத்த சாய்வன்று.

ஆனால் அதே 2 மில்லிமீற்றர் முதல் மெட்டிலே என்ன செய்கின்றது? மூன்றிலொரு சதத்தைக்கூட அது தாழ்த்துவதில்லை. முதல் மெட்டிலே அழுத்திய தந்தி ஏறக்குறைய முழு நீளமாகவே இருப்பதால், குதிரைப்பக்கத்து மாற்றம் திறந்த தந்தியையும் அழுத்திய தந்தியையும் ஏறத்தாழ ஒன்றுபோலவே தாக்குகின்றது. வேறுபாடு மாறாமலே இருக்கின்றது. குதிரையைத் திருத்தி 12ஆவது மெட்டைச் செம்மையாக்கிய பின்னும், தொடக்கப் பிள்ளைகள் பெரிதும் பயன்படுத்தும் முதல் மூன்று மெட்டுகள் ஏன் கசக்கின்றன என்பதற்கு விடை இதுவே. கருவி திருத்துவோரிற் பலர் 12ஆவது மெட்டைச் சோதித்துவிட்டு வேலை முடிந்தது என்று கூறுவது எனக்கு ஒருபோதும் நிறைவு தந்ததில்லை. பிள்ளை வாசிப்பது 12ஆவது மெட்டிலா?

முதல் மெட்டுகளின் மருந்து மேருவிலே இருக்கின்றது. அதிலும் முதலிற் பார்க்க வேண்டியது மேருப் பள்ளத்தின் ஆழம். விலை குறைந்த கிற்றார்களிலே மேருவின் பள்ளங்களைப் போதிய ஆழம் அறுக்காமலே விற்பனைக்கு அனுப்பிவிடுகின்றனர். தந்தி முதல் மெட்டுக்கு மேலே உயர்ந்து நிற்கும். 36 மில்லிமீற்றர்க் குறுந்தூரத்துக்குள் அதனைத் தாழ்த்த வேண்டியிருப்பதால் தந்தி செங்குத்தாக வளைந்து, சுரம் பல சதம் ஏறிவிடும். பிள்ளையின் விரலும் நோகும். சோதிப்பது எளிது. இரண்டாம் மூன்றாம் மெட்டுகளுக்கு இடையிலே தந்தியை அழுத்திக்கொண்டு, முதல் மெட்டுக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். மெல்லிய கடதாசித் தாளொன்று நுழையும் அளவே இருத்தல் வேண்டும். அதற்கு மேற்பட்டால் பள்ளத்தை நுண்ணிய அரத்தால் சிறிது சிறிதாகத் தாழ்த்த வேண்டும். பள்ளத்தின் மிக உயர்ந்த விளிம்பு மெட்டுப்பக்கத்திலே இருந்து, பிரடைப்பக்கமாகச் சரிதல் அவசியம். எதிர்ப்பக்கம் உயர்ந்திருந்தால் தந்தி எங்கிருந்து தொடங்குகின்றது என்பதே நிச்சயமற்றுப் போகும்.

எங்கள் பகுதிப் பாடசாலையொன்றில் மேலைத்தேய சங்கீதம் பயின்ற மாணவி ஒருத்தி நினைவுக்கு வருகின்றாள். வகுப்பில் அவள் பாடினால் சுருதி அணுவும் பிசகாது. கிற்றாரை எடுத்தாலோ பிசகும். அவளுக்கு வாத்தியம் ஒத்துவராது, வாய்ப்பாட்டே போதும் என்று பெற்றோருக்கு அறிவுரை கூறப்பட்டிருந்தது. வாயிலே பிசகாத சுருதி கையிலே மட்டும் பிசகுவானேன் என்று அந்தப் பாடசாலையின் விஞ்ஞான ஆசிரியருக்கு ஐயம் எழுந்தது. கைப்பேசியின் சுருதிமானியை வைத்துத் தந்தி தந்தியாகப் பார்த்தார். திறந்த தந்தி ஆறும் சரி. முதல் மெட்டிலோ, சில தந்திகள் பத்துச் சதத்துக்கும் மேலாக ஏறி நின்றன. நகைத் தொழில் செய்யும் ஒருவரிடம் இரவல் வாங்கிய அரத்தால் ஒரு பிற்பகல் வேலை நடந்தது. பின்னர் அவள் வாசித்தபோது பிழை அவளுடையதன்று என்பது எல்லோருக்கும் கேட்டது. பெற்றோருக்குக் கூறிய அறிவுரையை யாரும் மீளப் பெற்றதாகத் தெரியவில்லை. அவளும் அதைக் கேட்டுக் காத்திருக்கவில்லை.

பள்ளம் சரியான ஆழத்துக்கு வந்த பின்னும் இரண்டு மூன்று சதம் ஏறி நிற்குமாயின், அப்போதுதான் மேருவை முன்தள்ளும் நுண்முறை தேவைப்படும். அதாவது, மேருவின் ஊன்றுவிளிம்பை முதல் மெட்டை நோக்கிச் சிறிது நகர்த்துவது. திறந்த தந்தி அதனாற் குறுகுகின்றது. அதே சுருதிக்குக் கொண்டுவர நாம் பிரடையைத் தளர்த்துகின்றோம். மெட்டுகளுக்கும் குதிரைக்கும் இடையிலுள்ள தூரம் மாறாமல் இருக்க, இழுவை மட்டும் குறைந்துவிட்டதால், அழுத்திய சுரங்கள் அனைத்தும் ஒரே அளவு தாழ்கின்றன. 650 மில்லிமீற்றர்க் கருவியிலே ஒரு மில்லிமீற்றர் நகர்த்தினால் ஏறக்குறைய 2.7 சதம் இறங்கும். அரை மில்லிமீற்றருக்கு மேல் பெரும்பாலும் வேண்டியிராது. நிரந்தரமாக ஒட்டுமுன், மெல்லிய எலும்புச் சீவலொன்றை மேருவின் முன்பக்கத்திலே தந்தியின் கீழ்ச் செருகிக் கேட்டுப் பார்ப்பது நல்லது. பள்ளத்தின் உயரத்தைக் கவனியாது மேருவை மட்டும் முன்தள்ளுவோர், கூரை ஒழுக விட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு பூசுவோரை ஒப்பர்.

எல்லாத் தந்திக்கும் ஒரே அளவு பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகின்றேன். கம்பி சுற்றிய தந்தியின் நடு இழை மெல்லியது; ஆதலால் அது பார்வைக்குத் தடித்தாலும் விறைப்பிற் குறைந்தது. சுற்றில்லாத தடித்த தந்தியோ மிக விறைப்பானது. நைலோன் தந்திக் கிற்றாரிலே மூன்றாவது தந்தி எப்போதும் தொல்லை தருவதற்கு இதுவே காரணம்; அதற்குக் குதிரைப்பக்கத்து ஈடு அதிகம் வேண்டும். உருக்குத் தந்திக் கிற்றாரிலே மூன்றாவது தந்தி சுற்றியதாயின் இரண்டாவதற்கே அதிக ஈடு வேண்டும். மின்கிற்றார் செய்வோர் இதனை உணர்ந்து, தந்திக்கு ஒன்றாக நகரும் சிறு குதிரைகளை அமைத்தனர். 1950இல் பெண்டர் நிறுவனத்தார் இரண்டு தந்திக்கு ஒன்றாக மூன்று குதிரை வைத்தனர். 1954இல் வெளியான அவர்களது ‘ஸ்ட்ராட்டோகாஸ்டர்’ கிற்றாரிலே ஆறு குதிரைகளும் தனித்தனியே திருகாணியால் நகர்ந்தன. அண்மைக் காலத்தில் சுவீடனிலே, ஒவ்வொரு தந்தியின் கீழும் வெவ்வேறு இடத்தில் வளைந்து செல்லும் நெளிமெட்டுகளும் ஆக்கப்பட்டுள்ளன. வீணைக்காரர் மெழுகிலே செய்ததை அவர்கள் உலோகத்திலே செய்கின்றனர், மெழுகு மலிவு!

இவ்வளவு திருத்திய பின்னும் கர்நாடக இசையிலே தோய்ந்த செவிக்குக் கிற்றாரின் அந்தர காந்தாரம் சற்று உயர்ந்தே கேட்கும். அதனைக் கருவியின் பழுது என்று எண்ணி மறுபடியும் அரத்தை எடுத்துவிட வேண்டாம். இயற்கையான அந்தர காந்தாரம் ஆதார சட்சத்திலிருந்து 386 சதத்திலே நிற்பது; கிற்றாரும் பியானோவும் ஆர்மோனியமும் தாயியைப் பன்னிரண்டு சமகூறாக்குவதால் 400 சதத்திலே அதனை வைக்கின்றன. 14 சத வேறுபாடு அந்த ஏற்பாட்டோடு உடன்பிறந்தது. இவ்வாறான நிலைச்சுரக் குறையையும் காரணங்காட்டியே அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கி, 1971வரை அத்தடையை வைத்திருந்தது. அந்தத் தடை சற்று மிகையானது என்பது என் கருத்து.

மன்னார்த் தீவுக்கும் இக்கருவிக் குலத்துக்கும் உள்ள தொடர்பு புதியதன்று. 1560இலே போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றினர். அவர்கள் வழியாக வந்த இசை பைலாவாக இந்நாட்டிலே வேரூன்றியது. பின்னர் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் ஆகியோர் வழியே தமிழ்ப் பொப்பிசை பரவியபோது கிற்றார் நம் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டது. வந்த கருவிக்கு நம் கடற்காற்று மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை. தாராபுரம் போன்ற ஊர்களிலே சோழகம் வீசும் மாதங்களில் உருக்குத் தந்தி விரைவிற் கறள் பிடிக்கும். கறள் பிடித்த தந்தியின் பருமன் இடத்துக்கிடம் மாறுவதால், மேருவையும் குதிரையையும் எவ்வளவு செப்பம் செய்தாலும் சுரம் ஒழுங்குக்கு வராது. ஆகையாற் சோதனைக்கு முன்னர்ப் புதுத்தந்தி பூட்டுங்கள். வாசித்து முடித்தவுடன் உலர்ந்த துணியால் தந்தியைத் துடையுங்கள்.

சோதனை செய்யும் முறை இதுதான். 12ஆவது மெட்டுக்கு நேர்மேலே தந்தியை அழுத்தாமல் விரலால் தொட்டு மீட்டினால் மணிபோன்ற மேற்றொனி ஒன்று கேட்கும். அது அழுத்தமில்லாத ஒலியாகையால் நம்பத்தக்கது. பின்னர் அதே மெட்டிலே மெல்ல அழுத்தி மீட்டி ஒப்பிடுங்கள். அழுத்திய ஒலி ஏறியிருந்தால் குதிரைப்பக்க முனையைப் பின்னே கொண்டுசெல்க. இறங்கியிருந்தால் முன்னே கொண்டுவருக. சாதாரணக் கிற்றாரிலே குதிரை எலும்பின் மேல்விளிம்பைச் சரிவாக அராவியே இதைச் செய்யலாம். மூன்று மில்லிமீற்றர் அகல எலும்பிலே வேண்டிய இடமெல்லாம் உண்டு. மேரு வேலையை முதலிலும் குதிரை வேலையைப் பின்னரும் செய்க. மேருவிலே செய்த மாற்றம் 12ஆவது மெட்டையும் தொடும். அராவிய எலும்பு திரும்ப வளராது. ஆதலால், கழற்றிய பழைய மேருவையும் குதிரை எலும்பையும் ஒரு கடித உறையிலே இட்டுக் கருவிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, புதிய எலும்பிலேயே கைவைப்பது நல்லது.